டைரக்ட் ஐஓ-வை ஐஓமேப்புக்கு மாற்றிய பிறகு: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

யாங்கோனில் கடைகளுக்கும் அரிசிக் கிடங்குகளுக்கும் கேமரா பதிவுப் பெட்டி செய்து தரும் சின்னக் குழு எங்களுடையது. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். பதிவுகள் விழும் டிஸ்கில் இருப்பது எக்ஸ்ட்2-விலிருந்து பிரித்தெடுத்து, வருடக்கணக்காக நாங்களே வளர்த்த ஃபைல்சிஸ்டம். கேமரா வீடியோ ஒருமுறை எழுதப்படும், பெரும்பாலும் யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள். அதைப் பேஜ் கேஷில் (ஃபைல் டேட்டாவை கெர்னல் ரேமில் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஏற்றினால் பெட்டியில் இருக்கும் கொஞ்ச ரேமும் அதற்கே போய்விடும். அதனால் நாங்கள் எழுதுவதெல்லாம் ஓ_டைரக்ட் வழியாகத்தான், அதாவது பேஜ் கேஷில் ஏற்றாமல் நேராக டிஸ்குக்கு எழுதும் டைரக்ட் ஐஓ.

லினக்ஸில் ஓ_டைரக்ட் 2001-இல், 2.4.10 கெர்னலில் வந்தது. அந்தக் காலத்துப் பாணியில் ஃபைல்சிஸ்டம், ஃபைலின் எந்தப் பகுதி டிஸ்கின் எந்த பிளாக்கில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு கெட்_பிளாக் ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டால் போதும், மற்றதை பிளாக்டெவ்_டைரக்ட்_ஐஓ பார்த்துக்கொள்ளும். இப்போதைய வழி ஐஓமேப்: அதே தகவலை ஒவ்வொரு பிளாக்காக இல்லாமல் நீண்ட துண்டுகளாகக் கேட்கும் கெர்னல் அடுக்கு. எக்ஸ்எஃப்எஸ்-இல் பிறந்து, 2016-இல் 4.8 கெர்னலில் எல்லாருக்கும் பொதுவான அடுக்கானது. டைரக்ட் ஐஓ அதற்குள் 4.10-இல் சேர்ந்தது. எக்ஸ்ட்4 தன் டைரக்ட் ஐஓ-வை 5.5-இல் மாற்றிக்கொண்டது, எக்ஸ்ட்2 2023-இல் 6.5-இல் மாறியது. எக்ஸ்டென்ட் (தொடர்ச்சியான பிளாக்குகளை ஒரே பதிவாக வைப்பது) இல்லாத, ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு) இல்லாத எளிய ஃபைல்சிஸ்டம் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம். 6.5-இன் எக்ஸ்ட்2 நிரலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

மாற்றம் பார்வைக்குச் சின்னது. கெட்_பிளாக்குக்குப் பதில் ஐஓமேப்_பிகின், ஐஓமேப்_எண்ட் என்று இரண்டு ஃபங்ஷன் எழுதி, எழுதவும் படிக்கவும் கெர்னல் அழைக்கும் ரைட்_ஐடர், ரீட்_ஐடர் இரண்டிலிருந்தும் ஐஓமேப்_டிஐஓ_ஆர்டபிள்யூ-வை அழைத்தால் கம்பைல் ஆகிவிடும். கோளாறு எல்லாம் அதற்குப் பிறகுதான். பழைய பாதை நமக்குத் தெரியாமலேயே நிறைய வேலைகளைச் செய்துகொண்டிருந்தது: ஃபைல் சைஸை மாற்றியது, பஃபர் வழிக்குத் தானாகத் திரும்பியது, பக்கத்துப் பக்கத்து பிளாக்குகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பியது. புதிய பாதையில் இவை ஒவ்வொன்றும் ஃபைல்சிஸ்டத்தின் பொறுப்பு. கீழே வரும் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த வேலையை இதற்கு முன் யார் செய்துகொண்டிருந்தார்கள்? பாதி நேரம் பதில் அங்கேயே கிடைக்கும்.

சோதிக்கும் கெர்னலில் லாக்குகளின் சிக்கலைப் பிடிக்கும் லாக்டெப், அதாவது புரூவ்_லாக்கிங் கான்ஃபிக், கட்டாயம் போட்டிருக்க வேண்டும். ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸும் வேண்டும். ஜெனரிக் வரிசையில் 091, 208, 240, 263 என்ற நான்கும் டைரக்ட் ஐஓ-வைப் போட்டுப் பிழிந்தெடுக்கும். இவை தேறாத பேட்சைப் பெட்டியில் ஏற்றாதீர்கள்.

மாட்யூல் ஏறவே இல்லை, தெரியாத சிம்பல் என்று சொல்கிறது

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கெர்னல் கான்ஃபிக்கில் எஃப்எஸ்_ஐஓமேப் இல்லை. உங்கள் கேகான்ஃபிக் பதிவில் அதை செலக்ட் செய்தால் முடிந்தது. இன்னொன்று உரிமம் சம்பந்தப்பட்டது. பழைய பிளாக்டெவ் ஃபங்ஷன் எல்லா மாட்யூல்களுக்கும் திறந்திருந்தது. ஐஓமேப்_டிஐஓ_ஆர்டபிள்யூ, ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே தரப்படுகிறது. மாட்யூல் லைசென்ஸ் வரி விட்டுப்போயிருந்தால் பழைய கெர்னல்களில் இதே பிழைதான் வரும், புதியவற்றில் பில்டே பிழையோடு நின்றுவிடும்.

ஓ_டைரக்டோடு ஃபைலைத் திறந்தால் பிழை எண் 22

"இனி இது எதற்கு" என்று அட்ரஸ்_ஸ்பேஸ் பட்டியலிலிருந்து டைரக்ட்_ஐஓ வரியை அழித்திருப்பீர்கள். இந்த ஃபைலுக்கு ஓ_டைரக்ட் பொருந்துமா என்பதை ஓபன் அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அங்கே நூப்_டைரக்ட்_ஐஓ-வைப் போடுங்கள். புதிய கெர்னல்களில் இன்னொரு வழியும் உண்டு: உங்கள் ஓபன் ஃபங்ஷனிலேயே எஃப்மோட்_கேன்_ஓடைரக்ட் ஃபிளாக்கை வைத்துவிடலாம்.

திறப்பது சரியாக நடந்து, எழுதும்போது மட்டும் 22 வந்தால் அது அலைன்மென்ட். ஆஃப்செட், நீளம் இரண்டும் டிஸ்கின் லாஜிக்கல் பிளாக் அளவில் முழுசாக வகுபட வேண்டும். 6.1 முதல் ஸ்டேட்எக்ஸ் அழைப்பே டிஐஓ அலைன்மென்டைச் சொல்லிவிடுகிறது. அப்ளிகேஷனில் 512 என்று எண்ணை நேராக எழுதி வைப்பதற்குப் பதில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரைட் குறைவாகத் திரும்புகிறது, சில நேரம் பிழை எண் 15

15 என்பது ஈநாட்பிஎல்கே. சாதாரண ஃபைலில் எழுதுகிறவனுக்கு "பிளாக் டிவைஸ் தேவை" என்று வந்தால் தலைகால் புரியாது. கெர்னலுக்குள் அதற்கு வேறு அர்த்தம்: இதை என்னால் நேராக எழுத முடியாது, பஃபர் வழியாக எழுதிக்கொள். அது ஃபைல்சிஸ்டத்துக்கான தகவல். யூசர் ப்ரோகிராம் வரை அது போகவே கூடாது.

இரண்டு இடத்தில் இது கிளம்புகிறது, இரண்டும் வெளியே வேறு வேறு மாதிரி தெரியும். எழுதப்போகும் இடத்தின் பேஜ் கேஷ் பக்கங்களை வெளியேற்ற முடியாமல் போனால், ஐஓமேப்_டிஐஓ_ஆர்டபிள்யூ 15-ஐ அப்படியே உங்களிடம் தரும். உங்கள் ஐஓமேப்_பிகினே 15-ஐத் திருப்பினால் கதை வேறு. நடுவில் உள்ள அடுக்கு அதைச் சுழியமாக்கிவிடும், அதுவரை எழுதிய பைட்டுகள் மட்டும் கணக்கில் வரும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் குறை ரைட்.

ஆகவே ரைட்_ஐடரில் இரண்டையும் பிடிக்க வேண்டும். 15 வந்தால் சுழியமாக மாற்றுங்கள். அப்புறம் ஐடரில் பைட் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐஓசிபி_டைரக்ட் ஃபிளாக்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஜெனரிக் பெர்ஃபார்ம் ரைட் வழியாக எழுதுங்கள். அத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். எழுதிய அந்தப் பகுதியை டிஸ்குக்குத் தள்ளி முடியும்வரை காத்திருந்து, பேஜ் கேஷிலிருந்தும் நீக்க வேண்டும். இல்லையென்றால் ஓ_டைரக்ட் என்று நம்பி எழுதியவரின் டேட்டா ரேமிலேயே உட்கார்ந்திருக்கும்.

எழுதியாயிற்று, ஆனால் ஃபைலின் சைஸ் சுழியம்

எங்கள் குழுவில் இளைய பையன் முதலில் கொண்டுவந்த அறிகுறி இது.

"அண்ணே, ரைட் முழு நம்பரைத் திருப்புது, பிழை ஒண்ணும் இல்லை. எல்எஸ் போட்டா சைஸ் சைபர்னு காட்டுது."

"பிளாக் ஒதுக்கியிருக்கா பாரு தம்பி."

ஸ்டேட் போட்டுப் பார்த்தோம். பிளாக் எண்ணிக்கை சரியாக ஏறியிருந்தது. டிஸ்கின் அந்த இடத்தை டிடி-யால் படித்து ஹெக்ஸில் பார்த்தால் வீடியோவின் தலைப்பு பைட்டுகள் அப்படியே இருந்தன. டேட்டா போய்ச் சேர்ந்துவிட்டது, ஃபைலின் சைஸையும் பிளாக் விவரத்தையும் வைத்திருக்கும் ஐநோட்டுக்குத்தான் அந்தச் சேதி தெரியவில்லை.

பழைய பாதையில் ஜெனரிக்_ஃபைல்_டைரக்ட்_ரைட் என்ற ஃபங்ஷன் எழுதி முடித்ததும் ஐ_சைஸைத் தானே நகர்த்தியது. ஐஓமேப் வழியில் அந்த ஃபங்ஷனுக்குள் நாம் போவதே இல்லை. டிஐஓ ஆப்ஸில் எண்ட்_ஐஓ ஒன்றை எழுதி, பிழை இல்லாமல் முடிந்திருந்தால், முடிந்த இடம் இப்போதைய சைஸைத் தாண்டியிருந்தால், ஐ_சைஸை மாற்றி ஐநோட்டை டர்ட்டி (இன்னும் டிஸ்கில் எழுத வேண்டியது) ஆக்குங்கள்.

இதோடு சேர்ந்தே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐ_சைஸை மாற்றும்போது ஐநோட் லாக் கையில் இருக்க வேண்டும். ஏசிங்க் ரைட்டில் (முடியும்வரை காத்திராமல் திரும்பும் ரைட்) எண்ட்_ஐஓ ஓடும் நேரத்தில் ரைட்_ஐடர் லாக்கை விட்டுவிட்டுப் போயிருக்கும். அதனால் ஃபைலை நீட்டும் எந்த ரைட்டுக்கும் ஐஓமேப்_டிஐஓ_ஃபோர்ஸ்_வெயிட் கொடுங்கள். முழு பிளாக்காக அமையாத ரைட்டுக்கும் அதே. "ஏசிங்க் போய் சிங்க் ஆகிவிடுமே" என்று தயங்க வேண்டாம். ஃபைலை நீட்டும் ரைட்டைப் பழைய பாதையும் காத்திருந்துதான் முடித்தது.

ஏடைம் நகரவில்லை என்று யாராவது சொன்னால் அதுவும் இதே குடும்பம். ரீட்_ஐடரில் ஃபைல்_ஆக்ஸஸ்ட்-ஐ நீங்களே அழைக்க வேண்டும்.

படித்தால் பழைய ஃபைலின் டேட்டா தெரிகிறது

இதை லேசாக எடுக்கக் கூடாது. ஒரு கடையின் பதிவுக்குள் அழித்துவிட்ட வேறொரு பதிவின் துண்டு தெரிந்தால் அது வெறும் பிழை இல்லை, அடுத்தவர் விஷயம் வெளியே போகிறது என்று அர்த்தம். எங்கே தெரிகிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

பிளாக்கின் முன்பகுதியில் குப்பை, நீங்கள் எழுதிய 512 பைட் மட்டும் சரி. இது எளிது. 4096 பைட் பிளாக்கைப் புதிதாக ஒதுக்கி அதன் நடுவில் கொஞ்சம் மட்டும் எழுதினால், மிச்ச இடத்தில் சுழியம் நிரப்ப வேண்டும். ஐஓமேப் அதைச் செய்யும், ஆனால் பிளாக் புதியது என்று நீங்கள் சொன்னால்தான் செய்யும். பழைய கெட்_பிளாக்கில் செட்_பஃபர்_நியூ போட்டது போல இங்கே ஐஓமேப்_எஃப்_நியூ வைக்க வேண்டும். ஒரே புதிய பிளாக்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் துண்டு துண்டாக எழுதினால், ஒருவர் நிரப்பும் சுழியம் மற்றவர் டேட்டாவின் மேல் விழும். அதனால் இப்படிப்பட்ட ரைட்டுக்கு ஐநோட் லாக்கை ஷேர்டாக எடுக்காமல் முழுதாக எடுங்கள். ஜெனரிக் 240 இதைத்தான் சோதிக்கிறது.

முழு பிளாக்கும் பழைய டேட்டா, அதுவும் எப்போதாவது, படிக்கிறவரும் எழுதுகிறவரும் ஒரே நேரத்தில் இருக்கும்போது மட்டும். இது ஓட்டைக்குள் எழுதும்போது வருவது. ஃபைலின் நடுவில் பிளாக் ஒதுக்கப்படாத இடத்தில் நேராக எழுதுகிறீர்கள். பிளாக்கை ஒதுக்கி மேப்பில் சேர்த்தாயிற்று, டேட்டா இன்னும் டிஸ்குக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில் சாதாரண ரீட் ஒன்று வந்தால், மேப்பில் பிளாக் இருக்கிறதே என்று டிஸ்கில் கிடக்கும் பழையதைப் படித்துவிடும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்றவை அன்ரிட்டன் எக்ஸ்டென்ட் என்ற நிலையில் அந்த பிளாக்கை வைத்து, எழுதி முடிந்த பிறகே மேப்பில் உறுதி செய்கின்றன. நம்மிடம் அந்த வசதி இல்லை. எக்ஸ்ட்2 இதற்கு நேர்மையான வழி ஒன்றை வைத்திருக்கிறது: ஃபைலின் இப்போதைய சைஸுக்குள் உள்ள ஓட்டையில் டைரக்ட் ரைட் வந்தால் ஐஓமேப்_பிகின் பிளாக்கை ஒதுக்காமல் ஈநாட்பிஎல்கே திருப்பிவிடும், பஃபர் வழி அதை எழுதிக்கொள்ளும். பழைய பாதையில் டிஐஓ_ஸ்கிப்_ஹோல்ஸ் என்ற ஃபிளாக் செய்த வேலை இதுதான். ஓட்டைக்குள் ஹோல் வகை மேப்பையே திருப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரைட்டுக்கு ஹோல் வந்தால் ஐஓமேப் எச்சரிக்கை போட்டுப் பிழை எண் 5-ஐத் திருப்பும்.

மூன்றாவது வகைதான் ஆளை அலைக்கழிக்கும். எழுதியதும் படித்தால் சரி. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிளாக் மட்டும் மாறியிருக்கும், உள்ளே பார்த்தால் பிளாக் எண்களின் வரிசை மாதிரி ஏதோ இருக்கும். அது ஒரு பழைய இன்டைரக்ட் பிளாக், அதாவது ஃபைலின் பிளாக் எண்களை வைத்திருந்த பிளாக். அதை விடுவித்த நேரத்தில் அதன் பஃபர் டிவைஸின் கேஷில் டர்ட்டியாகவே தங்கிவிட்டது. அதே பிளாக் டேட்டாவுக்கு ஒதுக்கப்பட்டு, டேட்டா நேராக எழுதப்பட்ட பிறகு, கெர்னல் அந்தப் பழைய பஃபரை மேலே எழுதிவிட்டது. பழைய டைரக்ட் ஐஓ நிரல் ஒவ்வொரு புதிய பிளாக்குக்கும் க்ளீன்_பிடெவ்_ஏலியசஸ் அழைத்து இந்த ஆபத்தை மூடி வைத்திருந்தது. ஐஓமேப் அதை அழைப்பதில்லை. மெட்டாடேட்டா பிளாக்கை விடுவிக்கும் எல்லா இடத்திலும், பஃபரின் டர்ட்டி அடையாளத்தையும் நீக்கும் பிஃபர்கெட் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரெல்ஸ் மட்டும் போட்டிருக்கும் இடம் ஒன்று அகப்படும்.

சின்ன டிஸ்கில் சரி, பெரிய டிஸ்கில் டேட்டா நாசம்

4 ஜிகாபைட்டைத் தாண்டிய இடத்தில் எழுதும்போதுதான் நாசம் என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். கெட்_பிளாக்கில் பி_பிளாக்என்ஆர் என்பது பிளாக் எண். ஐஓமேப்பில் அட்ரஸ், ஆஃப்செட், நீளம் மூன்றும் பைட் கணக்கு. பிளாக் எண்ணை பிளாக் பிட்ஸ் அளவுக்கு இடது பக்கம் நகர்த்தித்தான் அட்ரஸ் வரும். பிளாக் எண் 32 பிட் மாறியாக இருந்து, முதலில் 64 பிட்டாக மாற்றாமல் நகர்த்தினால், மேல் பிட்டுகள் விழுந்துவிடும். 4096 பைட் பிளாக்கில் 10,48,576-ஆவது பிளாக்கிலேயே எண் திரும்பவும் சுழியத்துக்கு வந்துவிடுகிறது. டிஸ்கின் சுழியத்தில் இருப்பது உங்கள் சூப்பர்பிளாக். எக்ஸ்ட்2-வில் இந்த வரியில் 64 பிட் காஸ்ட் போட்டிருப்பதைப் பாருங்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் கணக்கிடும் வரிக்கும் காஸ்ட் வேண்டும்.

இதே கணக்கில் இன்னொரு தப்பு: 512 பைட் ஆஃப்செட்டில் படித்தால் பிளாக்கின் ஆரம்ப டேட்டா வருகிறது. ஐஓமேப்பின் ஆஃப்செட்டில் கேட்ட பொசிஷனையே போட்டு, அட்ரஸில் பிளாக்கின் ஆரம்பத்தைப் போட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே புள்ளியைக் குறிக்க வேண்டும். ஆஃப்செட்டையும் பிளாக் எல்லைக்கு இறக்கிவிடுங்கள், பொசிஷனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஐஓமேப் கூட்டிக்கொள்ளும்.

ஓ_டிசிங்க் போட்டால் மட்டும் ப்ராசஸ் தொங்கிவிடுகிறது

டிமெசேஜில் "120 விநாடிக்கு மேல் தடைபட்டிருக்கிறது" என்று வரும். ஓ_டிசிங்க் (டேட்டா டிஸ்கில் பத்திரமான பிறகே ரைட் திரும்ப வேண்டும் என்ற ஃபிளாக்) இல்லாமல் எழுதினால் எல்லாம் ஓடும், எஃப்சிங்கைத் தனியாக அழைத்தாலும் ஓடும். ஸ்டாக்கைப் பாருங்கள்: ரைட்_ஐடர் ஐநோட் லாக்கைப் பிடித்திருக்கிறது. ஐஓமேப்_டிஐஓ_கம்ப்ளீட் உள்ளே ஜெனரிக்_ரைட்_சிங்கை அழைக்கிறது. அது உங்கள் எஃப்சிங்குக்குப் போகிறது. எஃப்சிங் ஜெனரிக்_ஃபைல்_எஃப்சிங்கை நம்பியிருந்தால், அதுவும் அதே ஐநோட் லாக்கைக் கேட்கும். தன் கையில் இருக்கும் லாக்குக்காகத் தானே காத்திருக்கும் நிலை. லாக்டெப் போட்டிருந்தால் முதல் ரைட்டிலேயே இதைச் சொல்லிவிடும், 120 விநாடி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பழைய பாதையில் சிங்க் லாக்கை விட்ட பிறகு நடந்தது, அதனால் இந்தச் சிக்கல் எழவே இல்லை.

தீர்வு இரண்டு. எக்ஸ்ட்2 செய்தது, எஃப்சிங்கில் அந்த லாக்கையே விட்டுவிடுவது. அதற்காகவே ஜெனரிக்_பஃபர்ஸ்_எஃப்சிங், அதன் நோஃப்ளஷ் வடிவம் என்ற இரண்டு ஃபங்ஷன்கள் பொதுவில் சேர்க்கப்பட்டன. பஃபர் ஹெட் வைத்த ஃபைல்சிஸ்டம் என்றால் இதுதான் சரியான வழி. எஃப்சிங்குக்கு லாக் இல்லாமல் முடியாது என்று இருப்பவர்கள், முன்னால் இரண்டு அடிக்கோடு உள்ள ஐஓமேப்_டிஐஓ_ஆர்டபிள்யூ-வை அழைத்து, டிஐஓ பாயின்டரை வாங்கி, லாக்கை விட்டுவிட்டு, அப்புறம் கம்ப்ளீட்டைத் தனியாக அழைக்கலாம். பிடிஆர்எஃப்எஸ் மாறியபோது இந்த வழியைத்தான் எடுத்தது. முடிந்தால் முதல் வழியிலேயே போங்கள். இரண்டாவதில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அதிகம்.

கரண்ட் போய் வந்தபின், ஓ_டிசிங்கில் எழுதியதைக் காணோம்

யாங்கோனில் இருப்பவர்களுக்கு இந்த அறிகுறியை விளக்க வேண்டியதில்லை. இங்கே பகலில் கரண்ட் முறை வைத்து வரும், முறை வைத்துப் போகும். தெருவில் ஜெனரேட்டர் கிளம்பும் வரை பெட்டி இன்வெர்ட்டரை நம்பியிருக்கும், பேட்டரி பழசானால் அந்தச் சில நொடியையும் அது தாங்காது. பெட்டி இரண்டு பதிவுகளுக்கு நடுவில் நின்றுபோவது இங்கே அன்றாடம் நடப்பது. அதனால் ஓ_டிசிங்க் கொடுக்கும் வாக்கு எங்களுக்கு உயிர் மாதிரி. ரைட் திரும்பிவிட்டது என்றால் அந்த டேட்டா மறுபடி பூட் ஆகும்போது இருந்தே ஆக வேண்டும்.

அறிகுறியின் வடிவம் விநோதமாக இருக்கும். சில டிஸ்கில் வரும், சிலதில் வராது. எஃப்யூஏ (டிஸ்கின் சொந்த கேஷில் நிற்காமல் நிலையாக எழுதச் சொல்லும் கட்டளை) ஏற்கும் என்விஎம்இ-யில் வருகிறது, ஏற்காத டிஸ்கில் வரவில்லை என்றால் குற்றவாளி ஏறக்குறைய அகப்பட்டாயிற்று. சிஸ் ஃபைல்சிஸ்டத்தில் அந்த டிஸ்கின் க்யூ அடைவுக்குள் எஃப்யூஏ என்ற ஃபைல் இருக்கிறது, அதில் 1 இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே நடப்பது இது. ஓ_டிசிங்க் ரைட் வந்ததும் ஐஓமேப் ஒரு குறுக்குவழியை முயற்சி செய்கிறது. இடம் ஏற்கெனவே மேப் ஆகியிருந்தால், மெட்டாடேட்டா எதுவும் மாறவில்லை என்றால், டேட்டாவை எஃப்யூஏ-வோடு எழுதினாலே போதும், தனியாகச் சிங்க் தேவையில்லை. டிஸ்க் மொத்தத்தையும் ஃப்ளஷ் செய்யாமல் தப்பிப்பதால் வேகம் நன்றாகக் கூடும். புதிய கெர்னல்களில் ரைட் கேஷ் இல்லாத டிஸ்குக்கும் இந்தக் குறுக்குவழி உண்டு. மெட்டாடேட்டா மாறவில்லை என்பதை ஐஓமேப் எப்படித் தெரிந்துகொள்கிறது? நீங்கள் ஐஓமேப்_எஃப்_டர்ட்டி வைக்கவில்லை என்பதை வைத்துத்தான். அந்த ஃபிளாக்கை நீங்கள் ஒருபோதும் வைக்கவில்லை என்றால், எல்லாமே எப்போதும் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதாகிறது.

நடப்பை ஒரு வரிசையாகப் பாருங்கள். பதிவு ப்ரோகிராம் முதலில் ஃபைலின் இடத்தை சிங்க் இல்லாத ரைட்டால் நிரப்பி வைக்கிறது. பிளாக்குகள் ஒதுக்கப்பட்டன, ஐநோட்டும் இன்டைரக்ட் பிளாக்குகளும் ரேமில் டர்ட்டி. அடுத்து அதே இடத்தில் ஓ_டிசிங்கோடு உண்மையான டேட்டா. பிளாக் புதிதல்ல, மேப் ஆகியிருக்கிறது, டர்ட்டி ஃபிளாக் இல்லை. ஐஓமேப் எஃப்யூஏ-வோடு டேட்டாவை மட்டும் எழுதிவிட்டு வெற்றி என்கிறது. இந்த நொடியில் கரண்ட் போகிறது. டேட்டா டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் எந்த ஃபைலும் அதைச் சுட்டவில்லை. எஃப்எஸ்சிகே அந்த பிளாக்குகளை காலி என்று கணக்கெழுதிவிடும்.

சரி, ஃபிளாக்கை எப்போது வைப்பது? எக்ஸ்ட்4 இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறது: ஐநோட்டில் டேட்டாசிங்குக்குத் தேவையான மாற்றம் இன்னும் எழுதப்படாமல் இருந்தால், அல்லது இந்த ரைட் ஃபைலின் முடிவைத் தாண்டினால். இரண்டாவது நிபந்தனையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஃபைலை நீட்டும் ரைட்டுக்கு எண்ட்_ஐஓ-வில்தான் சைஸ் மாறும், அதாவது மேப் கேட்கும் நேரத்தில் ஐநோட் சுத்தமாகத்தான் இருக்கும். எங்களைப் போன்ற ஜர்னல் இல்லாத ஃபைல்சிஸ்டத்தில் ஐநோட் மட்டும் போதாது, அதனோடு சேர்ந்த டர்ட்டி பஃபர் பட்டியலும் காலியா என்று பார்க்க வேண்டும், இன்டைரக்ட் பிளாக்குகள் அங்கேதான் தொங்கும். சந்தேகம் இருந்தால் ஃபிளாக்கை வையுங்கள். தேவையில்லாமல் வைத்தால் கொஞ்சம் வேகம் குறையும், தேவைப்பட்ட இடத்தில் வைக்காவிட்டால் டேட்டா போகும். என் கணக்கில் இந்த இரண்டுக்கும் பேரமே இல்லை.

சோதிப்பதற்கு டிஎம்-லாக்-ரைட்ஸ் நல்லது. டிஸ்குக்குப் போன ஒவ்வொரு ரைட்டையும் வரிசையாகப் பதிந்து, எந்தப் புள்ளி வரையும் திரும்ப ஓட்டிப் பார்க்க வைக்கும். ஓ_டிசிங்க் ரைட் வெற்றி என்று திரும்பிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு அடையாளம் போட்டு, அதுவரை ஓட்டி, மவுண்ட் செய்து, ஃபைலைப் படியுங்கள். இதில் தேறிய பிறகே நாங்கள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்போம். ஒயரைப் பிடுங்குவது எந்த நொடியில் தப்பு நடந்தது என்று சொல்லாது, லாக்-ரைட்ஸ் சொல்லும்.

ஏசிங்க் ரைட் வெற்றி, ஆனால் பிளாக் காணாமல் போகிறது

ஐஓமேப்_டிஐஓ_ஆர்டபிள்யூ மைனஸ் 529, அதாவது ஈஐஓசிபிக்யூட், திருப்பினால் அது பிழை இல்லை. வேலை வரிசையில் போய்விட்டது, பிறகு முடியும் என்று அர்த்தம். "சுழியத்துக்குக் கீழே வந்தால் தோல்வி" என்று எழுதி, தோல்வியில் ஒதுக்கிய பிளாக்குகளை வெட்டிவிடும் ஃபங்ஷனை அழைத்திருந்தால், டிஸ்குக்குப் போய்க்கொண்டிருக்கும் ரைட்டின் காலுக்கடியிலிருந்து பிளாக்கை உருவுகிறீர்கள். அந்த நிபந்தனையில் ஈஐஓசிபிக்யூட்-ஐ விலக்குங்கள்.

டிமெசேஜில் பேஜ் கேஷ் மோதல் எச்சரிக்கை, அடுத்த எஃப்சிங்கில் பிழை எண் 5

டைரக்டாக எழுதிய அதே இடத்தை வேறொருவர் எம்மேப் செய்து (பேஜ் கேஷ் பக்கங்களைத் தன் நினைவகத்தோடு இணைத்து) கையில் வைத்திருக்கிறார். எழுதி முடித்தபின் கேஷைக் காலி செய்ய முடியாதபோது கெர்னல் இந்த எச்சரிக்கையைப் போட்டு, மேப்பிங்கில் பிழையையும் பதிந்துவைக்கும். ஃபைல்சிஸ்டத்தைத் திருத்த அவசரப்படாதீர்கள். அனேகமாகத் தப்பு அப்ளிகேஷன் பக்கம். எங்கள் விஷயத்தில், பதிவு நடக்கும்போதே அதே ஃபைலைத் திறந்து ஓட்டிக் காட்டும் வியூவர் எம்மேப் வைத்திருந்தது. அதைச் சாதாரண டைரக்ட் ரீடுக்கு மாற்றினோம்.

எல்லாம் சரி, ஆனால் முன்பைவிட மெதுவாக இருக்கிறது

ஐஓஸ்டேட்டில் சராசரி ரைட் அளவைப் பாருங்கள். முன்பு பெரிதாக இருந்தது இப்போது 4 கிலோபைட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? அப்படியென்றால் உங்கள் ஐஓமேப்_பிகின் ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிளாக்கைத் திருப்புகிறது. பழைய நிரல் கெட்_பிளாக் ஒவ்வொன்றாகக் கொடுத்தாலும், டிஸ்கில் அடுத்தடுத்து இருந்தால் ஒரே பயோவில் (டிஸ்குக்கு அனுப்பும் ஒரு கோரிக்கை) சேர்த்துவிடும். ஐஓமேப் ஒவ்வொரு மேப்புக்கும் தனி பயோ கட்டும். கீழே பிளாக் அடுக்கு கொஞ்சம் சேர்த்துக்கொடுத்தாலும் பழைய அளவுக்கு வராது. கேட்ட நீளம் வரை, டிஸ்கில் தொடர்ச்சியாக உள்ள பிளாக்குகளை எண்ணி மொத்தமாகத் திருப்புங்கள்.

படிப்பது மெதுவாக இருந்தால் ரீட்_ஐடரில் எந்த லாக் என்று பாருங்கள். ஷேர்டு லாக் போதும். பழைய பாதை பல ஃபைல்சிஸ்டங்களில் டைரக்ட் ரீடுக்கும் முழு லாக்கை எடுத்தது, ஆகவே இதைச் சரியாகச் செய்தால் பலர் ஒரே ஃபைலைப் படிக்கும் வேகம் முன்பைவிடக் கூடத்தான் வேண்டும்.

இன்டைரக்ட் பிளாக் வைத்த ஃபைல்சிஸ்டத்தில் ஒரு வரம்பு மீதி இருக்கும். 4096 பைட் பிளாக், 32 பிட் பிளாக் எண் என்றால் ஒரு இன்டைரக்ட் பிளாக்கில் 1024 எண்கள், அதாவது 4 மெகாபைட். ஒரு அழைப்பில் மேப் அந்த எல்லையைத் தாண்டாது. ட்ரேஸில் ஐஓமேப்_ஐடர்_டிஎஸ்டிமேப் வரிகளைப் பார்த்தால் நீளம் 4 மெகாபைட் வரை வர வேண்டும். அதைவிட மிகவும் குறைந்து, அதுவும் ஒழுங்கில்லாமல் வந்தால் ஐஓமேப் நிரலை விட்டுவிட்டு ஃபைல்ஃப்ராக் ஓட்டிப் பாருங்கள். ஃபைல் டிஸ்கில் சிதறிக் கிடக்கும், திருத்த வேண்டியது பிளாக் ஒதுக்கும் நிரலை.